சித்தப்பா செத்த சேதி

அந்த அறைக்குள் நுழைந்தவர்களை முதலில் வரவேற்றவை பற்கள்தான்.

மேஜையில், அலமாரியில், ஜன்னல் திட்டில் என்று எங்கு பார்த்தாலும் பிளாஸ்டரில் வார்த்த தாடைகள். சில வாயைப் பிளந்திருந்தன. சில இறுக மூடியிருந்தன. வெளியே மழை கட்டிக்கொண்டு நின்றதில் பிற்பகலே இருட்டிவிட்டது. அந்த மங்கலில் வெள்ளைப் பற்கள் மட்டும் தனியாகத் தெரிந்தன.

"பாஸ், இத்தனை பேர் ஒரே நேரத்துல என்னைப் பார்த்துச் சிரிச்சது, நான் கார் ஓட்டக் கத்துக்கிட்டப்போ மட்டும்தான்" என்றாள் பட்டாசு.

கோட்டான் பதில் சொல்லவில்லை. சொன்னால்தான் ஆச்சரியம். போலீசில் இருந்த காலத்தில் கூட வேலை பார்த்தவர்கள் வைத்த பெயர் அது. பத்துப் பேர் கத்திக்கொண்டிருக்கும் இடத்தில் ஊமைக் கோட்டான் மாதிரி மூலையில் உட்கார்ந்திருந்துவிட்டு, கடைசியில் ஒரே ஒரு கேள்வி கேட்பார். கேட்டதும் ஒருவன் அழ ஆரம்பிப்பான். வேலையை விட்டுவிட்டுத் தனியாகத் துப்பறிய வந்த பிறகும் பெயர் மட்டும் கூடவே வந்துவிட்டது. அவர் பேசாத பேச்சையெல்லாம் சேர்த்துப் பேசுவதற்கு உதவியாளர் பட்டாசு இருந்தாள்.

அழைத்தவள் ஒரு கால்நடை மருத்துவர். கோட்டானின் நாய்க்கு வைத்தியம் பார்த்த பழக்கம். ஆஸ்பத்திரியிலிருந்து நேராக ஓடி வந்திருந்தாள். கோட்டில் பூனை முடி, முகத்தில் ரத்தமே இல்லை.

"அண்ணனைக் காணோம் சார். காலைல நான் கிளம்பறப்போகூட இங்க உட்கார்ந்து பல்லுக்கு பாலிஷ் போட்டுட்டு இருந்தான். மதியம் போன் பண்ணினேன், எடுக்கல. வந்து பார்த்தா ஆள் இல்ல. பாஸ்போர்ட்டும் இல்ல."

"எதனால பயப்படறீங்க? பெரிய மனுஷர்தானே?"

"எங்க சித்தப்பா செத்துட்டாராம்" என்றாள் டாக்டர். சொல்லிவிட்டு அழுவதா சிரிப்பதா என்று தெரியாமல் நின்றாள்.

விஷயம் இதுதான். அண்ணன் பல் மருத்துவர்களுக்குப் பல்செட் செய்து கொடுப்பவர். அண்ணி காலமான பிறகு கீழ்த்தளமே அவர் உலகம். மாடியில் தங்கை. இளவேனில் தொடங்கியபோது அண்ணனுக்கு ஒரு மெயில் வந்தது. சின்ன வயதில் வீட்டைவிட்டுக் கப்பலேறிப் போன சித்தப்பா எங்கேயோ ஒரு குளிர் தேசத்தில் இறந்துவிட்டாராம். பிள்ளைகுட்டி கிடையாது. சொத்து முழுக்க அண்ணனுக்கு. எழுதியவர் ஒரு வக்கீல். அதன் பிறகு வரி, முத்திரை, சான்றிதழ் என்று ஒவ்வொன்றுக்கும் ஒரு கட்டணம். ஆற்றில் கரைத்த புளி மாதிரி அண்ணனின் சேமிப்பு கரைந்தது.

"போன மாசம்தான் எனக்குத் தெரிஞ்சுது. சண்டை போட்டேன். இனிமே எழுத மாட்டேன்னு என் தலையில அடிச்சுச் சத்தியம் பண்ணினான்."

பட்டாசு நாற்காலியின் பின்னால் குனிந்து கோட்டின் படம் போட்ட ஒரு காலிப் பிளாஸ்டிக் உறையை எடுத்தாள். புதுத் துணி வாசனை. "கம்பளிக் கோட்டு வாங்கியிருக்கார் டாக்டர். இந்தப் புழுக்கத்துல அதைப் போட்டா மனுஷன் அடுப்பே இல்லாம வெந்துடுவார். சத்தியம் பண்ணினவர் குளிர் தேசத்துக்குக் கிளம்பிட்டார்."

கோட்டான் கம்ப்யூட்டரின் முன்னால் உட்கார்ந்தார். "திறக்குமா?"

"அண்ணி பேரைத்தான் வச்சிருப்பான்" என்றாள் டாக்டர். அதேதான்.

மெயில்களை முதலிலிருந்து படித்தார்கள். டாக்டர் அவற்றை அன்றுதான் முதல்முறையாகப் பார்க்கிறாள். அண்ணன் யாருக்கும் காட்டியதில்லை.

'அன்புள்ள பயனாளிக்கு, உங்கள் மாமா அவர்களின் திடீர் மரணத்துக்கு எங்கள் ஆழ்ந்த வருத்தங்கள். அவர் விட்டுச்சென்ற பெரும் சொத்துக்கு நீங்களே மிக அருகிலுள்ள இரத்தம். இதை இரகசியமாக வைக்கவும். மிக விரைவாகப் பதில் தரவும்.'

"பேர்கூடத் தெரியாம சொத்து தர்றாங்க" என்றாள் பட்டாசு. "என் பேர் தெரிஞ்சவங்களே எனக்கு இதுவரைக்கும் ஒரு டீ வாங்கிக் குடுத்ததில்ல."

டாக்டர் திரையையே வெறித்தாள். "மாமாவா? எங்களுக்கு மாமாவே கிடையாதே! எங்கம்மா வீட்டுக்கு ஒரே பிள்ளை."

"உங்க அண்ணனும் அதைத்தான் எழுதியிருக்கார்" என்று கோட்டான் அடுத்ததைக் காட்டினார்.

'ஐயா, எனக்கு மாமா யாரும் இல்லை. ஒருவேளை தாங்கள் குறிப்பிடுவது, நான் சிறுவனாக இருந்தபோது கப்பலில் சென்றுவிட்ட என் சித்தப்பாவோ?'

மறுநாளே பதில். 'ஆம். உங்கள் சித்தப்பாவேதான்.'

"வேற பாஷைல மாமா, சித்தப்பா, பெரியப்பா எல்லாருக்கும் ஒரே வார்த்தைதான்" என்றார் கோட்டான். "மெஷின்ல போட்டுத் தமிழாக்கினா, அது கைக்கு வந்த உறவை எடுத்துப் போடும். அண்ணன் அதைத் திருத்திக் குடுத்துட்டார்."

அதற்கப்புறம் எல்லா மெயிலும் அதே கதைதான். சித்தப்பாவுக்குப் புருவத்தில் ஒரு தழும்பு உண்டு என்று அண்ணன் எழுதுகிறார். கடைசி நாட்களில் புருவத் தழும்பைத் தடவியபடியே உங்களைப் பற்றிப் பேசினார் என்று பதில் வருகிறது. சீட்டியடித்துப் பாடுவார் என்று அண்ணன் எழுதுகிறார். ஆஸ்பத்திரித் தாதிகளுக்கு அவர் சீட்டியில் பாட்டுப் பாடிக் காட்டினார் என்று பதில் வருகிறது.

"கேள்வித்தாளும் இவரே, விடைத்தாளும் இவரே" என்றாள் பட்டாசு. "மார்க் மட்டும் அவங்க போட்டிருக்காங்க."

"இதைப் பாருங்க டாக்டர்." கோட்டான் விரலால் திரையைத் தொட்டார். "எந்த மெயில்லயும் உங்க அண்ணன் எவ்வளவு வரும்னு கேக்கல."

அண்ணன் கேட்டிருந்தவை வேறு. வலி இருந்ததா? பக்கத்தில் யாராவது இருந்தார்களா? புதைத்தார்களா, எரித்தார்களா? எங்கள் அப்பா மேல் இன்னும் கோபமாக இருந்தாரா?

டாக்டர் வாயைப் பொத்திக்கொண்டாள்.

அந்த நேரம் பார்த்து அழைப்பு மணி அடித்தது. "போலீஸ் அதிகாரியா இருக்கும். பதட்டத்துல அவருக்கும் போன் பண்ணியிருந்தேன்" என்றபடி அவள் வாசலுக்குப் போனாள்.

கோட்டான் கடைசி மெயிலைத் திறந்தார். முந்தின நாள் வந்தது. பட்டாசு அவர் தோளுக்கு மேலாகக் குனிந்து படித்தாள். படித்து முடித்தபோது அவளிடமிருந்து ஒரு சத்தமும் வரவில்லை. மழை ஜன்னலில் அறைய ஆரம்பித்தது. கோட்டான் கம்ப்யூட்டரை மெதுவாக மூடினார்.

உள்ளே வந்தவருக்கு நாற்பது வயதுக்கு மேல் இருக்கும். வழித்த முகம். கழுத்தில் அடையாள அட்டை. குடையை மடக்கி, தண்ணீர் வடிய வாசலிலேயே சாய்த்துவிட்டு வரும் பண்பு. குரல் ஆஸ்பத்திரியில் பேசுகிறவர் குரல் போலத் தணிந்திருந்தது.

"சைபர் குற்றப் பிரிவு" என்று டாக்டர் அறிமுகப்படுத்தினாள். "அண்ணன் ஏமாந்தது தெரிஞ்சதும் இன்டர்நெட்ல ஒரு புகார் பக்கத்துல எழுதினேன். மறுநாளே சாரே கூப்பிட்டார். அன்னைலேருந்து இவர்தான் துணை."

"மறுநாளேவா!" என்றாள் பட்டாசு. "சார், நான் ஸ்கூட்டர் காணோம்னு புகார் குடுத்து, அவங்க கூப்பிடறதுக்குள்ள ஸ்கூட்டருக்குத் தவணையே முடிஞ்சிடுச்சு."

அதிகாரி பண்போடு சிரித்தார். "டாக்டர், வெளி ஆளுங்களைக் கூப்பிட்டிருக்க வேணாம். கும்பலுக்குத் தெரிஞ்சா அண்ணனுக்குத்தான் ஆபத்து. பரவாயில்ல, சார் பெரியவர், புரிஞ்சுப்பார்." கோட்டானைப் பார்த்துக் கைகுவித்தார். "மெயிலை எல்லாம் தோண்டிட்டு இருக்க நேரமில்ல சார். எனக்கே அண்ணன் அதைக் காட்டினதில்ல. பார்க்கணும்னு அவசியமும் இல்ல, எல்லாம் ஒரே அச்சு. அவரோட போன் சிக்னல் துறைமுகத்துல, பழைய கிடங்குப் பக்கம் நிக்குது. கப்பல்ல ஏத்தப் பார்க்கறாங்க. நாம இப்பவே கிளம்பணும்."

"கிளம்பலாம்" என்றார் கோட்டான். பட்டாசின் பக்கம் திரும்பினார். "நீ வர வேணாம். நம்ம நாய்க்கு மருந்து தீர்ந்து போச்சு. போய் வாங்கிட்டு வந்துடு."

பட்டாசு ஒரு கணம் விழித்தாள். "இப்பவா பாஸ்?"

"இப்பவே. கடை மூடிடப் போறான்."

"உங்களுக்குன்னு ஒரு நேரம் வாய்க்கும் பாருங்க!" என்று முணுமுணுத்துக்கொண்டே மழையில் இறங்கி ஓடினாள். டாக்டர் கோட்டானை விநோதமாகப் பார்த்தாள். ஏதோ கேட்க வாயெடுத்தாள். கோட்டான் அவளுடைய கையைப் பார்த்துக்கொண்டிருந்தார். வெறுங்கை. மணிக்கட்டைச் சுற்றி, வளையல் கிடந்த இடம் மட்டும் வெளுத்திருந்தது.

"வாங்க டாக்டர். அண்ணன் காத்திருப்பார்" என்றார்.

அதிகாரியின் காரில் கோட்டான் முன்னால் உட்கார்ந்தார், டாக்டர் பின்னால். கண்ணாடியில் மழை கொட்டி வழிந்தது. துடைப்பான் ஒரு பக்கம் தள்ளினால் மறு பக்கம் வந்து நிறைந்தது. அவசரம் என்று சொன்ன அதிகாரி நத்தையாகத்தான் ஓட்டினார். பாலத்து வழி வெள்ளம் என்று ஒரு சுற்று, அடுத்த தெருவில் பள்ளம் என்று இன்னொரு சுற்று. சாலையோரக் கடைகளின் ஷட்டர்கள் ஒவ்வொன்றாக இறங்கிக்கொண்டிருந்தன.

"அவனை அடிச்சிருப்பாங்களா சார்?" பின்னாலிருந்து டாக்டர் கேட்டாள்.

"சேச்சே, அப்படியெல்லாம் யோசிக்காதீங்க. இவங்க அடிக்கற ஜாதி இல்ல, எழுதுற ஜாதி." அதிகாரி கண்ணாடி வழியாக அவளைப் பார்த்து ஆறுதலாகத் தலையசைத்தார்.

"உங்களுக்கு இந்த மாதிரி கேஸ் ரொம்பப் பழக்கமோ?" கோட்டான் சும்மா பேச்சுக்குக் கேட்பது போலக் கேட்டார்.

"கரைச்சுக் குடிச்சிருக்கேன் சார்." அதிகாரிக்கு உற்சாகம் வந்துவிட்டது. "பெரிய மூளை, ஹை டெக்னாலஜின்னு ஜனங்க நினைச்சுக்கறாங்க. ஒண்ணுமே கிடையாது. ஆயிரம் பேருக்கு ஒரே மெயில். தூண்டில்ல எந்த மீன் மாட்டும்னு போடறவனுக்கே தெரியாது. நம்ம ஆளுங்கதான் சோறூட்டி வளர்க்கறாங்க. இதையே எடுத்துக்கங்க, முதல்ல மாமா செத்துட்டார்னு எழுதியிருக்காங்க. அப்பவே போடான்னு அழிச்சிருக்க வேணாமா? இவர் உட்கார்ந்து, மாமா இல்லீங்க, சித்தப்பான்னு திருத்தித் தர்றார்!"

சிரித்தார். காரில் வேறு யாரும் சிரிக்கவில்லை.

பின்னிருக்கையில் டாக்டர் மூச்சுவிடுவது நின்றது போலிருந்தது. கோட்டான் திரும்பிப் பார்க்கவில்லை. முகத்தைத் துடைப்பது போலக் கையை உயர்த்தி, விரலை உதட்டின் மேல் ஒரு கணம் வைத்து எடுத்தார். கண்ணாடியில் அதை டாக்டர் மட்டும் பார்த்தாள்.

துறைமுகம் வந்தது. தகரக் கூரைக் கிடங்குகள், துருப்பிடித்த தண்டவாளம், ஆளரவமில்லாத பாதை. தூரத்தில் ஏதோ ஒரு கப்பல் இருமலைப் போல ஒருமுறை ஊதிவிட்டு அடங்கியது. அதிகாரி காரை வெட்டவெளியில் நிறுத்தப் போனார்.

"மழைக்கு அந்தச் சுவர் ஓரமா ஒதுங்கிக்கலாமே. இறங்க வசதியா இருக்கும்" என்றார் கோட்டான்.

மேலே நீளமாகக் கூரை இறங்கிய ஒரு பழைய சுண்ணாம்புக் காரைக் கட்டடம். இந்தப் பக்கம் கதவும் இல்லை, பலகையும் இல்லை. அதிகாரி அங்கேயே கொண்டுபோய் நிறுத்தினார். "நீங்க உள்ளயே இருங்க. நான் நம்ம ஆளுங்ககிட்ட பேசிட்டு வர்றேன்." போனைக் காதில் வைத்துக்கொண்டு இறங்கி, கூரையின் மறுகோடிவரை நடந்தார்.

"சார்" என்று டாக்டர் கிசுகிசுத்தாள். "அந்த மாமா விஷயம் எனக்கே இன்னைக்குத்தான் தெரியும். அவருக்கு எப்படி…"

"கொஞ்சம் பொறுங்க."

"என் அண்ணன் எங்க?"

"பொறுங்க டாக்டர்." கோட்டான் கையை நீட்டி, காரில் தொங்கிய சாவியை உருவித் தன் பையில் போட்டுக்கொண்டார்.

அதிகாரி திரும்பி வந்தார். இன்னும் கொஞ்ச நேரம் ஆகும் என்றார். பிறகு மறுபடி போனார், மறுபடி வந்தார். ஒவ்வொரு முறையும் கடிகாரத்தைப் பார்த்தார். தண்ணீர் ஏறிக்கொண்டிருந்த பாதையில் ஒரு மனிதரும் தென்படவில்லை. டாக்டர் இரண்டு கைகளையும் மடியில் இறுக்கிப் பிடித்துக்கொண்டு உதட்டைக் கடித்தபடி உட்கார்ந்திருந்தாள். ஓடிவிடலாமென்றால் எங்கே ஓடுவது? யாரைக் கூப்பிடுவது? இத்தனை நாளும் அவள் கூப்பிட்டுக்கொண்டிருந்த ஆளே அவர்தானே!

கோட்டானின் போன் ஒருமுறை சிணுங்கியது. பட்டாசின் செய்தி.

'மருந்து கிடைச்சாச்சு பாஸ். கம்பளிக் கோட்டு போட்டு உட்கார்ந்திருக்கு.'

கோட்டான் கதவைத் திறந்து இறங்கினார். அதிகாரியின் எதிரே போய் நின்றார்.

"என் நாய் செத்து ஒரு வருஷம் ஆச்சு" என்றார்.

"என்ன சார்?"

"கடைசி ஊசி போட்டதே டாக்டர்தான். செத்த நாய்க்கு மருந்து வாங்க ஓடின பொண்ணு நேரா ஏர்போர்ட்டுக்குத்தான் போனா. பெட்டியோட உட்கார்ந்திருந்தவரைப் பிடிச்சுட்டா. பிளேன் கிளம்பற வரைக்கும் எங்களை இங்க நிறுத்தி வைக்கப் பார்த்தீங்க, அது வீணாப் போச்சு."

அதிகாரியின் முகத்தில் அந்தத் தணிந்த புன்னகை அப்படியே இருந்தது. கண் மட்டும் அங்குமிங்கும் ஓடியது.

"கடைசி மெயிலை நான் படிச்சேன்" என்றார் கோட்டான். "முன்னாடி வந்ததெல்லாம் மெஷின் தமிழ். இது மட்டும் சோறு தின்னு வளர்ந்த தமிழ். இன்னைக்குச் சாயந்திரம் பிளேன், ஏர்போர்ட் வாசல்ல ஒருத்தர் பெட்டி தருவார், பேங்க் மேனேஜருக்கு அன்பளிப்பு, பிரிக்க வேணாம். அதெல்லாம் வழக்கமான பாட்டு. நடுவுல ஒரு வரி. 'உங்களுக்காக வளையலை விற்ற தங்கைக்கு வெறுங்கையோடா முகம் காட்டப் போகிறீர்கள்?' அதுவரைக்கும் அண்ணன் சொன்னதை மட்டும் திருப்பிச் சொல்லிட்டு இருந்தவங்க, முதல் தடவையா அண்ணனுக்குத் தெரியாத ஒண்ணைச் சொல்றாங்க. டாக்டர், வளையலை வித்தது யாருக்குத் தெரியும்?"

டாக்டர் காரிலிருந்து இறங்கி மழையில் நின்றாள். "இவருக்கு மட்டும்தான். போன பணத்தை மீட்டுத் தர்றதுக்கு ஒரு கட்டணம் கட்டணும்னார். வித்துக் குடுத்தேன்." அதிகாரியின் பக்கம் திரும்பினாள். "நாயா அலைஞ்சு உங்களைக் கும்பிட்டேனே! எங்க வீட்டுல உட்கார்ந்து காபி குடிச்சீங்களே!"

அதிகாரி காரை நோக்கிப் பாய்ந்தார். சாவி இருந்த இடம் காலியாக இருந்தது. அப்படியே திரும்பி, கட்டடத்தைச் சுற்றிக்கொண்டு ஓடினார். மூலை திரும்பியதும் கால்கள் தாமாக நின்றன.

கட்டடத்தின் முன்புறம் அங்கேதான் இருந்தது. வாசலில் இரண்டு ஜீப்புகள். பலகையில் கொட்டை எழுத்தில், துறைமுகக் காவல் நிலையம்.

"இந்த ஊர்ல வேலை பார்க்கற எந்தப் போலீஸ்காரனும் இதோட பின்பக்கத்துல வண்டியை நிறுத்திட்டுப் பொய் சொல்ல மாட்டான்" என்றார் பின்னால் வந்த கோட்டான். வாசலில் நின்ற காவலர்கள் அவரைப் பார்த்துச் சல்யூட் வைத்தார்கள். வழியிலேயே செய்தி அனுப்பியிருந்தார்.

அதற்குப் பிறகு அதிகாரியாக வந்தவர் ஓடவில்லை. படியில் உட்கார்ந்துவிட்டார். அடையாள அட்டையைக் கழற்றி முழங்கால் மேல் வைத்துக்கொண்டு அதையே பார்த்தார்.

"நான் இன்சூரன்ஸ் ஏஜென்ட் சார்" என்றார். "எனக்கு வந்தது அத்தை. என் அத்தை செத்துட்டாங்கன்னு மெயில்."

கோட்டானும் அதே படியில் உட்கார்ந்தார்.

"வீடு போச்சு. பொண்டாட்டி பொறந்த வீட்டுக்குப் போயிட்டா. குடுத்ததைத் திருப்பித் தாங்கன்னு கெஞ்சினேன். வேலை பார்த்துக் கழிச்சுக்கோன்னாங்க. ஏமாந்தவங்க புகார் எழுதுற பக்கம் இருக்கு பாருங்க, அதை நடத்துறதும் அவங்கதான். அங்க அழறவங்களைக் கூப்பிட்டு, நான் போலீஸ், காப்பாத்தறேன்னு சொல்லணும். பெட்டி தூக்க ஆள் தேவைப்பட்டா, கடைசி மெயிலை நான் எழுதிக் குடுக்கணும். அவ்வளவுதான் என் வேலை."

"அவங்க யாரு?"

"பார்த்ததில்ல சார். குரல்கூடக் கேட்டதில்ல. மெயில் வரும், அவ்வளவுதான்." மழைத் தண்ணீர் அவர் நெற்றியிலிருந்து வழிந்தது. "டாக்டரோட அண்ணன்தான் கடைசி, அதோட உன் கணக்குத் தீர்ந்துதுன்னு சொன்னாங்க. போன தடவையும் அப்படித்தான் சொன்னாங்க."

"பெட்டியோட ஏற்கெனவே அனுப்பினீங்களே, அவங்க?"

அவர் தலை நிமிரவில்லை.

"திரும்பி வந்தாங்களா?"

"ஒருத்தரும் வரல" என்றார், கேட்குமோ கேட்காதோ என்ற குரலில். வாக்குமூலம் எழுத வந்த காவலர்கூடப் பேனாவைத் திறக்க மறந்து நின்றார்.

விமான நிலையத்தில் சுங்க அதிகாரிகளின் அறை சிறியது, ஜன்னல் இல்லாதது. மேஜையின் மேல் பெட்டி திறந்து கிடந்தது. மேலே நிறையச் சாக்லெட். அதற்குக் கீழே பெட்டியின் உட்புறத் துணி, கிழிபட்டு. அதற்கும் கீழே பழுப்புக் காகிதம் சுற்றிய தட்டையான பொட்டலங்கள் வரிசையாக. கையுறை போட்ட ஒரு பெண் அதிகாரி அவற்றை ஒவ்வொன்றாக எடுத்து எடை போட்டுக்கொண்டிருந்தாள். அந்தக் குளிர் தேசத்தில் இறங்கியிருந்தால் அண்ணன் மிச்ச ஆயுளை எங்கே கழித்திருப்பார் என்பதை யாரும் வாய்விட்டுச் சொல்லத் தேவைப்படவில்லை.

பட்டாசு வாசலிலேயே அவர்களை எதிர்கொண்டாள். தலையிலிருந்து தண்ணீர் சொட்டியது. "பெட்டியைக் குடுன்னா குடுக்க மாட்டேங்கறார் பாஸ். குரங்குக் குட்டி மாதிரி கட்டிப் பிடிச்சுக்கிட்டார். இவங்க வந்து பிரிச்சுக் காட்டின அப்புறம் ஒரு வார்த்தை பேசல." குரலைத் தணித்தாள். "எனக்கும் ஒரு ஜோக்கும் வரல."

அண்ணன் மூலை நாற்காலியில், புதுக் கம்பளிக் கோட்டின் எல்லாப் பொத்தானையும் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தார். வேர்வை கழுத்தில் ஓடியது. தங்கை உள்ளே வந்ததும் முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

"திட்டணும்னா திட்டிடு" என்றார்.

அவள் திட்டவில்லை. குனிந்து கோட்டின் பொத்தான்களை ஒவ்வொன்றாகக் கழற்றினாள். சின்னப் பிள்ளைக்குச் செய்வது போல. கோட்டை உரித்தெடுத்து நாற்காலி முதுகில் போட்டுவிட்டுப் பக்கத்தில் உட்கார்ந்தாள்.

"பொய்யா இருக்கும்னு எனக்கும் தோணிச்சு" என்றார் அண்ணன் கொஞ்ச நேரம் கழித்து. "நான் முட்டாள் இல்ல. தழும்பைப் பத்தி நான் எழுதின அப்புறம்தான் அவன் எழுதறான்னு எனக்குத் தெரியாதா? ஆனா, மெய்யா இருந்துட்டா? ஒரு மனுஷன் கண்காணாத இடத்துல செத்துக் கிடந்து, போய்ப் பார்க்க ஒரு நாதி இல்லாமப் போயிட்டா?"

தங்கை அவர் கழுத்தில் ஓடிய வேர்வையைத் துடைத்துவிட்டாள்.

"அப்பா வீட்டுல அவர் பேரையே எடுக்கக் கூடாதுன்னுட்டார். அம்மாவும் பேச மாட்டா. உன் அண்ணிக்கு அவரைத் தெரியாது. நீ அப்போ கைக்குழந்தை." மேஜையில் திறந்து கிடந்த பெட்டியைப் பார்த்தார். "இத்தனை வருஷத்துல, உன் சித்தப்பா எப்படி இருப்பார்னு என்கிட்ட கேட்டது அந்தத் திருட்டுப்பய ஒருத்தன்தான். அவன் கேட்டான், நான் சொன்னேன். சொல்லச் சொல்ல எனக்கே ஞாபகம் வந்துட்டே இருந்துச்சு. நிறுத்த முடியல."

கோட்டான் பட்டாசின் கையைத் தொட்டு வாசலைக் காட்டினார். இருவரும் வெளியே போகத் திரும்பினார்கள்.

"அப்போ இப்ப என்ன?" என்று அண்ணன் யாரையோ கேட்பது போலக் கேட்டார். "அவர் செத்துட்டாரா, இருக்காரா?"

"தெரியல" என்றாள் தங்கை. "யாருக்கும் தெரியல."

அதைக் கேட்ட பிறகுதான் அவர் அழுதார். தாடைகளை இறுக்கி, சத்தம் வெளியே வராமல், தோள்கள் மட்டும் குலுங்க. அவர் அழுது முடிக்கும்வரை அவள் விட்டாள்.

"எனக்குச் சொல்லு" என்றாள் பிறகு. "சித்தப்பா எப்படி இருப்பார்?"

அண்ணன் புறங்கையால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். அவளைப் பார்த்தார். கேட்க வேண்டுமென்பதற்காகக் கேட்கிறாளா, உண்மையாகவே கேட்கிறாளா என்று தேடினார்.

"நல்ல உயரம்" என்று ஆரம்பித்தார். "என்னைத் தோள்ல தூக்கிட்டு வாசல்ல நுழையறப்போ, நான் குனிஞ்சுக்கணும்…"

கதவுக்கு வெளியே, கூடத்தின் ஒலிபெருக்கி, இன்னும் வந்து ஏறாத ஒரு பயணியைக் கடைசி முறையாக அழைத்தது. கொஞ்சம் இடைவெளி விட்டு மறுபடியும் அழைத்தது.